தொண்ணூற்றொன்பது வரிக்குதிரைகள்

அத்தியாயம் 6

தேசியக் கலை வளாகத்தின் வாசலில் மாலிவன் அக்கா வண்டியை நிறுத்தச் சொன்னபோது மணி பதினொன்று பத்து. பிம்பாவுக்கு மிச்சமிருந்தது நான்கு மணி நேரத்துக்கும் குறைவு. மூன்று மணிக்கு மொத்தக் குழுவையும் ஒத்திகை மண்டபத்தில் கூட்டி, அவளைத் திருடி என்று அறிவித்து, போலீஸ் ஜீப்பில் ஏற்றி அனுப்புவதாக ஏற்பாடு.

விஷயம் இதுதான். வளாகத்தின் முகமூடி அறையைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொள்பவள் பிம்பா. இன்று காலை ஏழு மணிக்கு அறையைத் திறந்தால், அரக்கர் வரிசையில் நட்டநடு இடம் காலி. தோசகனைக் காணோம். பத்துத் தலை இலங்கை அரசனின் பச்சை முகம், அடுக்கடுக்கான தங்கக் கிரீடம், வயது நூற்றிருபது. இன்று சாயங்காலம் ஆறு மணி முகமூடி ஆட்டத்துக்கு அதுதான் தலை. அறைக்கு இரண்டு சாவிகள். ஒன்று பிம்பாவின் இடுப்பில். இன்னொன்று துணை இயக்குநர் சுமேத்தின் அறையில், முத்திரை வைத்த உறைக்குள். முத்திரை உடையவில்லை என்று சுமேத் சொல்லிவிட்டார். அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது என்று எல்லோரும் யோசிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

பிம்பா போலீஸுக்கு முன்னால் எங்களுக்குப் போன் செய்தாள். போன வருடம் அவள் தொலைத்த ஸ்கூட்டரை நாங்கள்தான் கண்டுபிடித்துக் கொடுத்தோம். அவளே வேறு சந்தில் நிறுத்திவிட்டு மறந்திருந்தாள் என்பதைத் தொழில் தர்மம் கருதி நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

எங்களைப் பற்றியும் இரண்டு வரி. மாலிவன் அக்கா இருபத்திரண்டு வருடம் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் பொய் விபத்துகளை மோப்பம் பிடித்தவள். இப்போது அதையே சொந்தமாகச் செய்கிறாள். கையில் எப்போதும் மிளகாய் உப்பு தொட்ட புளிப்பு மாங்காய் இருக்கும். நான் அவளுடைய உதவியாளன். பெயர் பெட். வாத்து என்று அர்த்தம். பிறந்த அன்றைக்கு அப்படித்தான் கத்தினேனாம்.

வளாகத்துக்குள் போகாமல் அக்கா வாசலோரத்துக் காவல் தாத்தா சன்னதிக்குப் போனாள். சாமி கும்பிடப் போகிறாள் என்று நானும் செருப்பைக் கழற்றினேன். அவள் கும்பிடவில்லை. குந்தி உட்கார்ந்து எண்ணத் தொடங்கினாள்.

சன்னதி முன்னால் யாரோ நேர்த்திக்கடனாக வைத்த வரிக்குதிரைப் பொம்மைகள். முழங்கால் உயரத்தில் சில, கையளவில் பல, எல்லாம் புத்தம் புதுசு, கழுத்தில் சாமந்தி மாலை வாடவில்லை. பக்கத்தில் ஸ்ட்ரா செருகிய சிவப்பு சோடா ஒன்பது பாட்டில், இன்னும் சில்லென்று வேர்த்துக்கொண்டிருந்தன.

"தொண்ணூத்தொன்பது," என்றாள் அக்கா. "பெட், வேண்டுதலை எப்பக் கட்டுவாங்க?"

"நினைச்சது நடந்த பிறகு."

"எவ்வளவு பிறகு?"

"அன்னைக்கே. எங்க சித்தப்பா ஒரு மாசம் இழுத்தடிச்சார். லாட்டரியில வந்த பைக் அவரோட சேர்ந்து குளத்துக்குள்ள போயிடுச்சு. அவர் மட்டும்தான் வெளியில வந்தார்."

அக்கா மாங்காயைக் கடித்தாள். "உள்ள மொத்த வளாகமும் இழவு வீடு மாதிரி இருக்குன்னு பிம்பா போன்ல சொன்னா. அந்த இழவு வீட்டுல யாரோ ஒருத்தருக்கு மட்டும் இன்னைக்குக் காலையில நினைச்சது நடந்திருக்கு. தொண்ணூத்தொன்பது வரிக்குதிரை அளவுக்கு நடந்திருக்கு. அந்த ஆள் யாருன்னு தெரிஞ்சா போதும்."

நான் ஒரு வரிக்குதிரையைக் கையில் எடுத்துத் திருப்பினேன். எடுக்காமலே இருந்திருக்கலாம். அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அடுத்ததிலும் ஒட்டியிருந்தது. தொண்ணூற்றொன்பதிலும் ஒரே பெயர். பிம்பா.

எங்கள் கட்சிக்காரிதான் திருடி என்று தாத்தாவுக்கே எழுதிக்கொடுத்தது போல இருந்தது. வண்டியைத் திருப்பிவிடலாமா என்று கேட்டேன். அக்கா கேட்டும் கேளாதவள் போல உள்ளே நடந்தாள்.

*

முகமூடி அறை வாசலில் பிம்பா தரையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போகக்கூடாது என்று உத்தரவாம். நாற்பத்தைந்து வயது, ஒல்லி, விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. அவளைக் கடந்து போன ஆட்டக்காரர்கள் எல்லோரும் சுவரில் ஏதோ அற்புதமான ஓவியம் இருப்பது போல மறுபக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். எக்கராட் மட்டும் நேராகப் பார்த்தான். தோசகனாக ஆடுகிறவன் அவன்தான். நல்ல உயரம், நல்ல தோள், நல்ல ஜலதோஷம். காலையில் அத்தனை பேர் முன்னால் முதலில் வாயைத் திறந்து அவளைத் திருடி என்று சொன்னதும் அவன்தானாம்.

வரிக்குதிரைகளைப் பற்றி அக்கா கேட்டாள். பிம்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் எந்த வேண்டுதலும் வைக்கவில்லை, எனக்கு என்ன நடந்துவிட்டது கட்டுவதற்கு என்றாள். அப்புறம் குரல் உடைந்து, தான் சொன்னதை இந்தக் காலையிலிருந்து ஒருவர்கூட நம்பவில்லை என்றும், நீங்களும் நம்பாவிட்டால் மூன்று மணி வரை காத்திருக்கத் தேவையில்லை, இப்போதே ஜீப்பைக் கூப்பிடச் சொல்லுங்கள் என்றும் சொன்னாள். அக்கா மாங்காய்ப் பொட்டலத்தை அவள் மடியில் வைத்தாள். அக்கா யாருக்கும் மாங்காய் தந்து நான் பார்த்ததில்லை.

வெளியே வந்ததும் என் சந்தேகத்தைச் சொன்னேன். "ஒருவேளை அவங்க மேல பிரியம் உள்ளவங்க யாராவது அவங்க பேர்ல கட்டியிருக்கலாமோ?"

"பிரியம் உள்ளவங்களை நீ இங்க பார்த்தியா?"

பார்க்கவில்லை. அதோடு அந்தக் கட்சி முடிந்தது.

வளாகத்தின் பின்பக்கச் சந்தில் லம்துவன் கடை. மாலை, சோடா, யானை, சேவல், வரிக்குதிரை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். லம்துவன் காலையிலிருந்து சிரித்த முகம் மாறாமல் இருந்தாள். ஆறு மாதச் சரக்கு ஒரே நாளில் போய்விட்டதாம், இனி ஒரு வரிக்குதிரைகூடக் கடையில் இல்லையாம்.

ஆர்டர் யார் தந்தது என்று கேட்டதற்கு அவள் சொன்ன கதை விசித்திரமாக இருந்தது. காலை எட்டு மணிக்கு வளாகத்தின் பொது எண்ணிலிருந்து ஒரு போன். தொண்ணூற்றொன்பது வரிக்குதிரை எடுத்து வையுங்கள், காரியம் நடந்தால் சொல்கிறேன் என்று ஒரு ஆண் குரல். ஒன்பதே முக்காலுக்கு அதே எண்ணிலிருந்து அதே ஆள், காரியம் நடந்துவிட்டது, உடனே கொண்டுபோய் வையுங்கள் என்றாராம். பணம் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் கையில் உறையில் வந்தது. ஐம்பதுக்கு மேல் வாங்கினால் பெயர்ச் சீட்டு இலவசம், யார் பேரில் என்று இவள் கேட்டிருக்கிறாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மௌனம். பிறகு பிம்பா என்று பதில்.

"முதல் தடவையும் ரெண்டாவது தடவையும் ஒரே ஆள்தானா?" என்றாள் அக்கா.

"ஆள் ஒண்ணுதாங்க, பேச்சு ஒரே தினுசு. ஆனா எட்டு மணிக்கு பானைக்குள்ள தலையை விட்டுப் பேசுற மாதிரி இருந்துச்சு. ஒன்பதே முக்காலுக்குப் பளிச்சுன்னு பேசினார். பாவம், யாருக்கோ பெரிய மூக்கடைப்பு போலன்னு நினைச்சேன்."

நான் அக்காவைப் பார்த்தேன். வெற்றி என் மூக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது. மூக்கடைப்பு. ஜலதோஷம். எக்கராட். ஆட்டம் நின்றுபோனால் தொண்டை கட்டிய குரலோடு ஒத்திகை பார்க்க வேண்டாம், மானமும் போகாது. முகமூடியை ஒளித்தான், ஆட்டம் நிற்கும் என்று தெரிந்ததும் நேர்த்திக்கடனைக் கட்டினான். இதை நான் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"தோசகன் ஆட்டத்துல பேசுவானா?" என்று அக்கா கேட்டாள்.

முகமூடி போட்டவர் யாரும் பேசுவதில்லை. பாட்டும் வசனமும் பின்னால் உட்கார்ந்திருக்கும் பாடகர்கள் வேலை. இது இந்த நாட்டில் நான்கு வயதுக் குழந்தைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கொஞ்ச நேரம் மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

"ஆட்டம் நின்னா ஊதியம் போகுமேன்னு அவன் அழுதுட்டு இருக்கான்," என்றாள் அக்கா. "இருந்தாலும் அவன் பேர் பட்டியல்ல இருக்கட்டும். வளாகத்துல அறுபத்திரண்டு பேர். பாதிப் பேர் ஆம்பளைங்க. ஒவ்வொருத்தரா விசாரிக்க நேரமில்லை. வா, சாப்பிடலாம்."

*

சிற்றுண்டிக் கூடத்தில் ஒருவர் விடாமல் இருந்தார்கள். துக்கத்தில் இருந்தாலும் பன்னிரண்டரை மணிக்கு நூடுல்ஸ் கிண்ணத்தின் முன்னால் இருப்பதுதான் எங்கள் ஜனம். ஒரு மூலையில் இயக்குநர் கண்ணிகா அம்மையார், பட்டுப் பாவாடையில் ஒரு சுருக்கமில்லாமல். அவருக்கு எதிரே துணை இயக்குநர் சுமேத். ஐம்பத்தாறு வயது, திங்கட்கிழமைக்கு என்று எங்கள் நாட்டில் வழக்கமான மஞ்சள் சட்டை, ஈரம் காயாத தலை. விடியற்காலையிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ தொலைபேசிக் கூட்டத்தில் இருந்தாராம், பாவம், இப்போதுதான் சோற்றைப் பார்க்கிறார். அவர் பக்கத்தில் போனபோது எலுமிச்சை வாசம் தூக்கியடித்தது. எனக்குப் பசி அதிகமானது.

அக்கா நடு மேஜையில் உட்கார்ந்து, கூடம் முழுக்கக் கேட்கிற குரலில் எனக்குக் கதை சொல்ல ஆரம்பித்தாள். பக்கத்து மாகாணத்தில் ஒருத்தர் வேலை கிடைத்தால் நூறு சேவல் வைப்பதாக வேண்டிக்கொண்டாராம். கிடைத்தது. அக்கம்பக்கத்துக்குத் தெரியக்கூடாது என்று மச்சான் பெயரில் சேவலை வைத்தாராம். அந்த ஊர்க் காவல் தாத்தா பெயரைப் பார்த்துத்தான் வரவு வைத்துக்கொள்வார். மச்சானுக்கு அந்த வாரமே பதவி உயர்வு.

"அந்த ஆளுக்கு?" என்றேன் நான், என் பங்குக்கு.

"கொடுத்ததைத் தாத்தா திருப்பி எடுத்துக்கிட்டார். வேலை கிடைச்சதுக்கு முந்தி எப்படி இருந்தாரோ அப்படியே ஆயிட்டார். தாத்தாகிட்ட என்ன கேட்டு வாங்கினோமோ, அது அப்படியே தலைகீழா திரும்பி வரும். பொழுது சாயறதுக்குள்ள சரி பண்ணணும். சரி பண்ணும்போது முழுப் பேர், முகவரி, என்ன கேட்டேன், எப்ப நடந்தது, எல்லாம் வாய் விட்டுச் சொல்லணும். மனசுக்குள்ள முணுமுணுத்தா தாத்தாவுக்குக் காது கேக்காது, வயசாயிடுச்சு."

கூடத்தில் நூடுல்ஸ் உறிஞ்சும் சத்தம் சட்டென்று குறைந்தது. இது கட்டுக்கதை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் சித்தப்பாவின் பைக் நினைவுக்கு வந்து என் கையும் நின்றது. நான் எக்கராட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் இரண்டு தடவை தும்மினான். அக்கா யாரைப் பார்த்தாள் என்று நான் கவனிக்கவில்லை. எழுந்து போகும்போது கண்ணிகா அம்மையாரின் காதில் மட்டும் ஏதோ சொன்னாள்.

*

சன்னதிக்குப் பின்னால் ஒரு செம்பருத்தி வேலி. ஒன்றரை மணியிலிருந்து அதற்குள் நான்கு பேர் ஒளிந்திருந்தோம். அக்கா, நான், பிம்பா, பட்டுப் பாவாடையை முழங்கால் வரை சுருட்டிப் பிடித்துக்கொண்ட இயக்குநர் கண்ணிகா அம்மையார். அவர் காலில் ஏறிய எறும்புகளுக்கு அரசாங்க ஊழியர் என்ற மரியாதை துளியும் இல்லை.

இரண்டு மணிக்கு ஒரு ஆள் வந்தான். எக்கராட்.

நான் அக்காவின் முழங்கையை இடித்தேன். எக்கராட் சுற்றுமுற்றும் பார்த்தான். சட்டைக்குள்ளிருந்து ஒரு சிவப்பு சோடா பாட்டிலை எடுத்து வைத்தான். முட்டி போட்டு, முழுப் பெயர் சொல்லி, வீட்டு எண் சொல்லி, "தாத்தா, என் சளி போகணும். போனா இன்னும் ரெண்டு பாட்டில்," என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான். பிம்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, முகமூடியைப் பற்றியும் இல்லை.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

இரண்டு இருபது. கண்ணிகா அம்மையார் மெல்லிய குரலில், இன்னும் பத்து நிமிடம்தான், அப்புறம் நான் மண்டபத்துக்குப் போயாக வேண்டும், எனக்கு வேறு வழியில்லை என்றார். பிம்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது இலை சரசரத்தது. மஞ்சள் சட்டை. சுமேத் வந்தார், வேக நடையில், கையில் ஒரு கறுப்பு மை பேனாவும் ஒரு கட்டு வெள்ளைச் சீட்டும். வந்தவர் கும்பிடக்கூட இல்லை. முதல் வரிக்குதிரையைத் தூக்கி, அடியிலிருந்த சீட்டை நகத்தால் பிய்த்து, புதுச் சீட்டில் தன் பெயரை எழுதி ஒட்டினார். இரண்டாவது. மூன்றாவது. வேர்த்துக் கொட்டியது. அடிக்கடி ஒரு கையால் தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டார். பதினொன்றாவதில் பொறுமை போய் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"தாத்தா, நான் சுமேத். ஜன்ஃபென் சந்து, பதினேழாம் நம்பர் வீடு. நேத்து ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தோசகன் முகமூடியை எடுத்தவன் நான்தான். திருடலை. பள்ளிக்கூட நண்பர்கள் குழுவுக்கு தினமும் காலை வணக்கப் படம் அனுப்புறேன், தாத்தா. எல்லாரும் பூவும் காப்பியும் அனுப்புறாங்க. நான் ஒரு நாளாவது தோசகனா அனுப்பலாம்னு ஆசைப்பட்டேன். ஒரே ஒரு போட்டோ. தலையில போட்டேன், கழட்ட வரலை."

வேலிக்குப் பின்னால் நான் சிரிப்பை அடக்க வாய்க்குள் விரல்களைத் திணித்துக்கொண்டேன்.

அவர் வரிசையாகச் சொன்னார். இரவு முழுக்க அதோடுதான் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். முறைப்படி தீட்சை வாங்காதவன் தொட்டால் அரசன் விடமாட்டான் என்று பெரியவர்கள் சொன்னது உண்மை என்று புரிந்ததாம். காலையில் போன் வந்தபோது முகமூடிக்குள் இருந்தபடியே பேசி உத்தரவு போட்டாராம். உறையின் முத்திரையை உடைத்ததும் அவரே, மறுபடி வைத்ததும் அவரே, முத்திரைக் கட்டை அவர் மேஜையில்தான் இருக்கிறது. முகமூடி உடையாமல் கழன்றால் தொண்ணூற்றொன்பது வரிக்குதிரை என்று வேண்டிக்கொண்டார். ஒன்பது நாற்பதுக்குப் பாத்திரம் கழுவும் எலுமிச்சைத் திரவம் அரை பாட்டில் ஊற்றியதில் கழன்றது.

"கடைக்காரி பேர் கேட்டப்ப என் பேரைச் சொல்ல வாய் வரலை. காலையிலேர்ந்து எல்லார் வாயிலயும் பிம்பா பேர்தான் இருந்தது, அதுவே வந்துடுச்சு. பிம்பா பாவம்தான், தாத்தா. ஆனா அவளுக்கு வேற எங்கயாவது தையல் வேலை கிடைச்சிடும். எனக்கு இன்னும் நாலு வருஷத்துல ஓய்வு. தயவுசெய்து முகமூடியை மறுபடி என் தலைக்குத் திருப்பிடாதீங்க."

அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நல்ல கோபம் வந்தது.

பிம்பா எழுந்தாள். வேலியைச் சுற்றிப் போகவில்லை, அதன் நடுவே நடந்து அவர் முன்னால் போய் நின்றாள். சுமேத்தின் கையிலிருந்து வரிக்குதிரை விழுந்தது. அவர் அவளைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் எறும்பைத் தட்டிக்கொண்டு வந்த இயக்குநரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"எங்க வெச்சிருக்கீங்க?" என்றாள் பிம்பா.

"என் கோல்ஃப் பைக்குள்ள."

"நிமிர்த்தியா, கவுத்தா?"

அவர் விழுந்த வரிக்குதிரையைத் தேடுவது போலக் குனிந்தார். பத்தொன்பது வருடம் அந்த முகத்துக்குத் தினம் பூ வைத்தவளுக்குப் பதில் தேவைப்படவில்லை. காலையிலிருந்து திருடிப் பட்டம் கேட்டு அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

*

அறிவித்தபடி மூன்று மணிக்குக் கூட்டம் நடந்தது. யாரை அனுப்புவது என்பது மட்டும் மாறிவிட்டது. கண்ணிகா அம்மையார் சுமேத்தை முன்னால் நிறுத்தி, தாத்தாவிடம் சொன்ன அத்தனையையும் இங்கேயும் சொல்லச் சொன்னார். அவர் குரல் எழும்பவில்லை. கடைசி வரிசையிலிருந்து யாரோ, சத்தமாகச் சொல்லுங்கள், எங்களுக்கும் வயதாகிவிட்டது என்றார்கள். நான் இல்லை. சரி, நான்தான்.

அவர் முடித்ததும் மண்டபத்தில் அறுபது பேரும் தங்கள் கால் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் பிம்பாவின் முன்னால் கைகூப்பித் தலை குனிந்தார். ஒவ்வொருவராக மற்றவர்களும் குனிந்தார்கள். பிம்பா, துடைத்துப் பூ வைத்த முகமூடியை அரக்கர் வரிசையில் அதன் இடத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று இருபத்தைந்து. ஊசிப் பெட்டியைத் திறந்தாள்.

எங்கள் ஆட்டத்தில் உடைக்குப் பொத்தான் கிடையாது. ஆளை நிற்க வைத்து, ஜரிகை அங்கியை உடம்பின் மேலேயே இழுத்துப் பிடித்துத் தைப்பார்கள். ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரம். தோசகனைத் தைப்பது எப்போதும் பிம்பாதான், அந்த இறுக்கம் வேறு கைக்கு வராது.

"தோசகன் முதல்ல வா," என்றாள்.

எக்கராட் வந்தான். அந்தப் பத்தடி தூரத்தை நடக்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. வந்து கையை விரித்து நின்றான். அவள் இருப்பதிலேயே நீளமான ஊசியை எடுத்து, அவசரமில்லாமல் நூல் கோத்தாள்.

"அக்கா," என்றான் அவன், குரல் உள்ளே போய்விட்டது. "காலையில நான் அப்படிச் சொன்னது..."

"பேசாத. பேசினா உடம்பு அசையும்."

"தப்பு பண்ணிட்டேன் அக்கா."

"தெரியும்," என்றாள் பிம்பா. "நீ தும்மாம நில்லு."

அவன் மூக்கு நுனி சிவந்தது, கண் கலங்கியது. தும்மலா, அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் அவன் விலாவுக்குப் பக்கத்தில் துணியை இழுத்துப் பிடித்து முதல் தையலைப் போட்டாள். அந்த ஒரு மணி நேரமும் எக்கராட் இமைகூடக் கொட்டவில்லை.